காதியார் வரும்வரை மாத்தளையில் சாப்பிட வேண்டியவை

1

உண்மையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இது கதையாகப் பிறக்கவில்லை, பட்டியலாகப் பிறந்தது. கொழும்பில் இணையத்தளம் நடத்துகிற ஒருவர் என்னைக் கூப்பிட்டு, மாத்தளைக்கு அரை நாள் வருகிறவர்கள் எங்கே சாப்பிடலாம், என்ன குடிக்கலாம், எதைச் சுற்றிப் பார்க்கலாம் என்று எழுதித் தரச் சொன்னார். பத்து இடம். எண்ணூறு சொல். நான் இந்த ஊரில் ஐம்பத்திரண்டு வருஷமாகச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறவன். இதைவிட எனக்குப் பொருந்திய வேலையை ஒருவரும் தந்ததில்லை.

ஒரு சனிக்கிழமை காலை கொப்பியும் பேனாவுமாகப் புறப்பட்டேன். முதலாவது இடம், சந்தைக்குப் பின்னால் இருக்கிற முஸ்லிம் சாப்பாட்டுக் கடை. அங்கே காலையில் பிட்டும் பாபத்தும் கிடைக்கும். பாபத் என்றால் மாட்டுக் குடல். நன்றாகக் கழுவி, அவித்து, மிளகைத் தாராளமாகப் போட்டு வதக்கியெடுக்கிற கறி. (நான் அதைச் சாப்பிடுவது என் மனைவி விஜிதாவுக்குத் தெரியும். அவளுடைய அம்மாவுக்குத் தெரியாது. அப்படியே இருக்கட்டும்.)

அங்கேதான் அவர்களைப் பார்த்தேன். பக்கத்துப் பக்கத்து மேசைகளில் ஒரு பெண்ணும் ஒரு ஆணும் தனித்தனியாக உட்கார்ந்திருந்தார்கள். ஒருவரையொருவர் பார்க்கவில்லை. கொஞ்ச நேரத்தில் அந்தப் பெண் தன் தட்டில் இருந்த தேசிக்காய்த் துண்டை எடுத்து, தலையைத் திருப்பாமலே, மற்ற மேசையின் விளிம்பில் வைத்தார். அவர் அதை எடுத்துத் தன் கறியில் பிழிந்தார். நன்றி சொல்லவில்லை. இருவரும் சாப்பாட்டைத் தொடர்ந்தார்கள்.

நான் பார்த்தது இவ்வளவுதான். மீதி எல்லாம் நான் கட்டியது. பட்டியல் இன்னும் போகவில்லை. இணையத்தளக்காரர் மூன்று தடவை போன் எடுத்துவிட்டார்.

2

தொடக்கம் ஒன்று: "மாத்தளை ரயில் நிலையத்தில் இறங்கிய அந்த வெள்ளைக்கார இளைஞனின் முதுகில்—"

விட்டுவிட்டேன். அவன் முதுகில் என்ன இருந்தால் எனக்கென்ன.

தொடக்கம் இரண்டு: "அன்று மழை பெய்துகொண்டிருந்தது. அவர்களுடைய கல்யாண வாழ்க்கையைப் போலவே, அது எப்போது தொடங்கியது என்று—"

இதையும் விட்டுவிட்டேன். அன்று நல்ல வெயில். தவிர, மழையையும் கல்யாணத்தையும் சேர்த்து எழுதுகிறவர்கள் இரண்டையும் சரியாகப் பார்த்தவர்கள் அல்ல.

தொடக்கம் மூன்று, ரயில் பாதை முடிகிற இடத்தில் அவளை நிறுத்தியது. எங்கள் ஊரோடு தண்டவாளம் முடிந்துவிடும், அதற்கு அப்பால் பஸ்தான். எழுதி முடித்து வாசித்தபோது "ஆகா, உருவகம்" என்று எனக்கே கேட்டது. கிழித்துப் போட்டேன்.

நாலாவது தொடக்கம் சரியாக வந்தது. அது காதி நீதிமன்றத்தில் எழுத்து வேலை பார்க்கிற ஒரு லிகிதரின் வாயிலிருந்து வந்தது.

3

காதியார் உக்குவளைப் பக்கம் ஒரு ஜனாஸா நல்லடக்கத்துக்குப் போயிருக்கிறார், இரண்டரைக்குத்தான் வருவார் என்று லிகிதர் சொன்னபோது மணி எட்டரை.

பஸ்லாவுக்கு நாற்பத்தொரு வயது. கலேவெலயிலிருந்து முதல் பஸ்ஸில் வந்திருந்தாள். கூட வருவதாகச் சொன்ன நானாவை வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். அண்ணன் வந்தால் அவரே எல்லாவற்றையும் பேசுவார், அவள் பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்ட வேண்டியிருக்கும். கைப்பையில் அடையாள அட்டையும் கல்யாணப் பதிவுப் பத்திரமும் ஒரு தண்ணீர்ப் போத்தலும் இருந்தன. முஸ்லிம்களின் விவாகரத்து விஷயங்களைக் காதி நீதிமன்றம் விசாரிக்கும், காதியார்தான் அதன் நீதிபதி. இவர்களுடையது சண்டை வழக்கு அல்ல. இருவரும் ஒத்துக்கொண்டு பிரிவது. இன்றைக்கு இரண்டு பேரும் காதியார் முன்னால் வாயால் ஒரு தடவை சொல்லிவிட்டால் முடிந்தது.

மஹ்ரூப் படிக்கட்டின் கீழே நின்றான். தம்புள்ளையில் தங்கச்சி வீட்டிலிருந்து வேறு பஸ்ஸில் வந்தவன். எட்டு மாதமாக அங்கேதான் இருக்கிறான். லிகிதர் சொன்னதை அவனும் கேட்டான். ஆறு மணித்தியாலம். இருவரும் ஒரே நேரத்தில் கைபேசியைப் பார்த்தார்கள், ஒரே நேரத்தில் உள்ளே வைத்தார்கள்.

அவள் அவனைக் கடந்து தெருவில் இறங்கினாள். அழுகை வரும் என்று பயந்துகொண்டு வந்தவளுக்குப் பசி வந்தது. பயணக் களைப்பில் வரும் பசி அல்ல, நல்ல பசி, என்ன வேண்டும் என்று தெரிந்த பசி. அவளுக்கே அது ஆச்சரியமாக இருந்தது.

4

இந்த இடத்தில் மஹ்ரூப் யார் என்று நான் தீர்மானிக்க வேண்டும்.

முதல் வரைவில் அவனைக் கெட்டவனாக எழுதினேன். கை நீட்டினான், குரல் உயர்த்தினான். கதை வழுக்கிக்கொண்டு ஓடியது. விஜிதா வாசித்துவிட்டு, "கெட்டவனை விட்டுப் போறதுக்குக் கதை எதுக்கு, பஸ் போதும்" என்றாள். அவள் கணக்கு டீச்சர். அதிகம் பேசமாட்டாள்.

ஆகவே அவனைத் திருப்பி எழுதினேன். மஹ்ரூப் நல்லவன். பதினான்கு வருஷம் கட்டாரில் குளிரூட்டி திருத்தினான். இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை நாற்பத்தைந்து நாள் லீவில் வருவான். வந்தால் வீடு திருவிழாதான். திருகோணமலைக் கடல், கண்டி, சீகிரியா. எந்தக் கடையில் எது நன்றாக இருக்கும் என்று அங்கிருந்தே விசாரித்துக்கொண்டு வருவான். மகள் ஸஹ்னாவுக்கு ஐஸ்கிரீம், பஸ்லாவுக்கு அவள் கேட்காத சாரி. நாற்பத்தைந்தாவது நாள் விமான நிலையத்தில் நல்லபடியாக அழுதுவிட்டுப் போவான். கல்யாணமாகிப் பதினாறு வருஷத்தில் இருவரும் ஒரே கூரையின் கீழ் இருந்த நாட்களை பஸ்லா ஒரு தடவை கூட்டிப் பார்த்தாள். மூன்று வருஷம்கூடத் தேறவில்லை.

பிறகு அவன் ஒரேயடியாக வந்துவிட்டான். வந்தும் அவனுக்கு லீவு முடியவில்லை. ஒவ்வொரு கிழமையும் எங்காவது கிளம்பச் சொன்னான். அவளுக்கோ காலை ஐந்தரைக்கு நாற்றுக்குத் தண்ணீர் விட வேண்டும். அவன் இல்லாத காலத்தில் வீட்டுக்குப் பின்னால் பச்சை வலை கட்டி அவள் ஒரு நாற்றுக் கொட்டகை போட்டிருந்தாள். மிளகு நாற்று. கட்டாருக்குப் படம் அனுப்புவாள். அவன் பதிலுக்குப் பெருவிரல் உயர்த்திய படம் ஒன்று போடுவான்.

ஒரு நாள் அவள் மாத்தளைக்குப் பயிற்சி வகுப்புக்கு வந்திருந்தபோது, அவளைச் சந்தோஷப்படுத்த நினைத்து, அவன் கொட்டகையைப் பிரித்துவிட்டு அந்த இடத்துக்குச் சீமெந்து போட்டான். பின்னேரத்தில் உட்கார்ந்து தேத்தண்ணி குடிக்க ஓர் இடம். இரண்டு கதிரையும் வாங்கி வைத்திருந்தான். நாற்றுகளை எடுத்து வெயிலில் வைத்தான். எண்ணூறு. அவள் வந்து பார்த்தபோது இலைகள் சுருண்டிருந்தன. அவன் சொன்னான்: "செடிதானே பஸ்லா. திரும்ப வைக்கலாம்."

அவ்வளவுதான். இதற்கு மேல் அவன் மேல் எந்தக் குற்றமும் சுமத்த எனக்கு மனம் வரவில்லை. இதுவே போதுமா என்பதை நீங்கள் தீர்மானியுங்கள். பஸ்லாவுக்குப் போதுமாக இருந்தது.

5

சாப்பாட்டுக் கடையில் பெண்களுக்கென்று திரை போட்ட அறை ஒன்று உண்டு. வெயிட்டர் அதைக் காட்டினார். பஸ்லா முன்னால், தெரு தெரிகிற மேசையில் உட்கார்ந்தாள். மாதத்தில் இரண்டு சனிக்கிழமை அவள் உட்காருகிற மேசை அது.

மஹ்ரூப் பின்னால் வந்தது சூழ்ச்சியால் அல்ல. பஸ் ஸ்டாண்டில் ஓர் ஆளிடம் நல்ல சாப்பாடு எங்கே என்று கேட்டான், அந்த ஆள் இந்தக் கடையைச் சொன்னான். உள்ளே வந்து அவளைக் கண்டதும் திரும்பிப் போகப் பார்த்தான். பாபத் வாசம் வந்தது. பக்கத்து மேசையில் உட்கார்ந்தான்.

(தேசிக்காய் விஷயம் உங்களுக்குத் தெரியும். அவள் அதை ஏன் வைத்தாள் என்று நான் ஒரு பக்கம் எழுதி அழித்தேன். கறியில் கொழுப்புக் கூட. அவனுக்கு நெஞ்செரிச்சல் வரும். அவளுக்குத் தெரியும். இதைக் காதல் என்று சொல்ல எனக்குத் துணிவில்லை, பழக்கம் என்று சொல்லவும் மனமில்லை.)

சாப்பிட்டு முடித்ததும் மஹ்ரூப் முதல் தடவையாகப் பேசினான். ஆறு மணித்தியாலம் சும்மா இருக்க முடியாது, ஒரு வேன் பிடித்தால் கண்டிக்குப் போய் நல்ல புரியாணி சாப்பிட்டுவிட்டு நேரத்துக்குத் திரும்பிவிடலாம், தெரிந்த வேன்காரன் இருக்கிறான், இப்போதே போன் பண்ணட்டுமா என்றான். போனைக் கையில் எடுத்துவிட்டான்.

பஸ்லா கை கழுவிவிட்டு வந்து, துடைத்துக்கொண்டே சொன்னாள்:

"நான் தோட்டத்துக்குப் போறேன். வாறதுன்னா வாங்க. ஆனா நான் போற இடத்துக்கு நீங்க வாறீங்க. நீங்க என்னைக் கூட்டிட்டுப் போகல."

அவன் போனை உள்ளே வைத்தான்.

பட்டியலுக்கு, இலக்கம் 1: பிட்டு, பாபத். ஒன்பதரைக்கு முன்னால் போகவும். தேசிக்காய் கேட்டு வாங்கவும்.

6

அலுவிகாரையைத் தாண்டினால் வீதியின் இரண்டு பக்கமும் வாசனைத் திரவியத் தோட்டங்கள். வெளிநாட்டவர்களை ஏற்றிய வேன்கள் வாசலில் நிற்கும். வழிகாட்டிகள் கறுவாப்பட்டையைச் சீவி மூக்கருகே பிடிப்பார்கள். பஸ்லா ஓட்டோவை அப்படியொரு தோட்டத்தின் பெரிய வாசலில் நிறுத்தவில்லை. பக்கத்து ஒழுங்கையால் விடச் சொல்லி, பின்வாசலில் இறங்கினாள். மஹ்ரூப் அவள் பின்னால் நடந்தான். அவளுடைய முதுகைப் பார்த்துக்கொண்டு ஓரிடத்துக்குப் போவது அவனுக்குப் புதிது.

நாற்று மேடைக்குப் பொறுப்பாக இருக்கிற செல்லச்சாமி, அறுபது வயதுக்காரர், மண்கையோடு எழுந்து நின்று, "வாங்க டீச்சர்" என்றார்.

மஹ்ரூப் வேறு யாரோ வந்திருக்கிறார்கள் என்று திரும்பிப் பார்த்தான்.

டீச்சர் அவள்தான். நாலு வருஷத்துக்கு முன் அவள் இங்கே படிக்க வந்தாள். இப்போது சொல்லிக் கொடுக்க வருகிறாள். பற்றைமிளகு என்று ஒன்று உண்டு. மிளகுக் கொடியில் மேலே ஏறுகிற தண்டை வெட்டி நட்டால் அதுவும் ஏறத்தான் பார்க்கும். காய்க்கிற பக்கக் கிளையை வெட்டி வேர் பிடிக்க வைத்தால் அது ஏறாது, சட்டியிலேயே புதர் போலப் பற்றையாக நின்று காய்க்கும். ஆனால் பக்கக் கிளை லேசில் வேர் விடாது. நூறு வைத்தால் முப்பது பிழைத்தால் பெரிய காரியம். பஸ்லாவின் கையில் எழுபது பிழைக்கும். எப்படி என்று வில்கமுவவிலிருந்தெல்லாம் பெண்கள் வந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள். இதையெல்லாம் செல்லச்சாமி பெருமையோடு சொல்ல, பஸ்லா அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் கத்தியை எடுத்துக் குந்தி உட்கார்ந்துவிட்டாள்.

செல்லச்சாமி மஹ்ரூபின் கையில் மண் கூடையைக் கொடுத்தார். பைக்கு மண் நிரப்பச் சொன்னார். ஒரு மணித்தியாலத்துக்கு மேல் அவன் மண் நிரப்பினான். முதல் பத்துப் பையை பஸ்லா கொட்டிவிட்டு, இறுக்கிவிட்டீர்கள், வேர் மூச்சு விடாது என்று திருப்பிக் கொடுத்தாள். பதினோராவதை ஒன்றும் சொல்லாமல் வாங்கிக்கொண்டாள்.

பட்டியலுக்கு, இலக்கம் 2: முன்வாசலால் போனால் விளக்கம் கிடைக்கும். பின்வாசலால் போனால் வேலை கிடைக்கும். இரண்டு வாசலிலும் கொக்கோ, ஏலம், வெனிலா போட்ட சூடான பானம் தருவார்கள். வேலை செய்துவிட்டுக் குடித்தால் அதன் ருசியே தனி. நானே குடித்திருக்கிறேன்.

மத்தியானம் செல்லச்சாமியின் மனைவி சுந்தரம்மா விடவில்லை. தோட்டத்துச் சமையலறையில் சோறு, பிஞ்சுப் பலாக்காய்க் கறி, பொரித்த கருவாடு, மிளகு ரசம். பரிமாறிக்கொண்டே அவர் மஹ்ரூபைப் பார்த்து, சாதாரணமாக எல்லாரும் கேட்பது போலத்தான் கேட்டார்:

"நீங்க டீச்சருக்கு என்ன வேணும்?"

தமிழில் உறவைக் கேட்பதற்கும் தேவையைக் கேட்பதற்கும் ஒரே சொல் வந்து நின்றுவிடுகிறது. மஹ்ரூப் அந்தச் சொல்லில் மாட்டிக்கொண்டான். பதினாறு வருஷமாக அதற்குப் பதில் வைத்திருந்தவன். இன்று காலை அடையாள அட்டையோடு அந்தப் பதிலைத் திருப்பிக் கொடுக்க வந்தவன். வாயில் சோறு இருந்தது.

"ஸஹ்னாட வாப்பா" என்றாள் பஸ்லா.

அது பொய்யல்ல. நாளைக்கும் பொய்யாகாது.

கட்டாரிலிருந்து வந்தவரா என்று செல்லச்சாமி மகிழ்ந்துபோனார். டீச்சரின் கெட்டித்தனத்தை வீட்டுக்காரரிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வது. போன வருஷம் நடந்ததைச் சொல்ல ஆரம்பித்தார். டீச்சர் வீட்டில் வேலைக்கு வந்த மேசன் பாஸ்மார் தெரியாத்தனமாகக் கொட்டகையைப் பிரித்து எண்ணூறு நாற்றையும் வெயிலில் போட்டுவிட்டார்கள். அடுத்த நாளே டீச்சர் இங்கே வந்து, ஒரு சொட்டுக் கண்ணீர் விடாமல், காலையிலிருந்து சாயங்காலம் வரை புதுக் கிளை வெட்டினார். "அந்தப் பாஸ்மாருக்குக் கண்ணு என்ன பொட்டையாங்க?" என்று மஹ்ரூபிடமே கேட்டார்.

மஹ்ரூப் பஸ்லாவைப் பார்த்தான். அவள் ரசத்தைச் சோற்றில் ஊற்றிப் பிசைந்துகொண்டிருந்தாள். வெளியார் முன்னால் அவன் பெயரைக் கெடுக்காமல், பெயரில்லாத மேசன்மார் மேல் பழியைப் போட்டிருக்கிறாள். பிரிவதற்கு மனுப் போட்ட பிறகும் அதை மாற்றிச் சொல்லவில்லை.

"பாஸ்மார் இல்ல" என்றான். "நான்தான் பிரிச்சேன். அவகிட்டக் கேக்கல."

சுந்தரம்மாவின் அகப்பை அவனுடைய தட்டுக்கு மேலே ஒரு கணம் அப்படியே நின்றது. செல்லச்சாமி முற்றத்தைப் பார்த்தார். பிறகு அகப்பை சாய்ந்தது, சோறு விழுந்தது.

எல்லாரும் சாப்பிட்டார்கள்.

7

(இந்த வசனத்தை அவனுக்குக் கொடுக்கலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். நான் ஆண் என்பதால் அவனைக் காப்பாற்றிவிடுகிறேனா? விஜிதாவிடம் கேட்டேன். "சொன்னதால சரியாகிடாது. ஆனா சொல்லாம விட்டா அவனோட ஒரு நிமிஷம்கூட இருக்க ஏலாது" என்றாள். வைத்துக்கொண்டேன்.)

8

ஊருக்குத் திரும்பும்போது மணி ஒன்றே முக்கால். பஸ்லாவுக்குத் தாகமாக இருந்தது. கடைத்தெருவில் ஒரு பலூடாக் கடைக்குள் அவள் நுழைந்தாள். இந்தத் தடவை ஒரே மேசை. கடை சின்னது, வேறு மேசை காலியில்லை. (இதை நான் செய்யவில்லை. சனிக்கிழமை அப்படித்தான்.)

மஹ்ரூப் நகத்துக்குள் இருந்த மண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தான். கடைக்காரர் வந்து நின்றபோது வழக்கமாக அவன்தான் சொல்வான், மூன்று பேருக்கும் சேர்த்துச் சொல்லிவிடுவான். இப்போது வாயைத் திறந்து, மூடினான். பஸ்லா தனக்கு ஒரு பலூடா சொன்னாள், கசகசா கூடப் போடச் சொன்னாள். அவன் தனக்கு ஒரு இஞ்சி பிளேன்டீ சொன்னான்.

இரண்டு கிளாஸும் வந்த பிறகு, தன் கிளாஸைப் பார்த்துக்கொண்டே கேட்டான்:

"உனக்கு என்ன வேணும்?"

கடையில் பாட்டுப் போய்க்கொண்டிருந்தது. பஸ்லா கரண்டியைக் கீழே வைத்தாள். பதினாறு வருஷத்தில் அவன் அவளுக்கு எத்தனையோ வாங்கிக் கொடுத்திருக்கிறான். இந்தக் கேள்வி வந்ததாக அவளுக்கு நினைவில்லை. இதைக் கேட்டால் என்ன சொல்வதென்று அவள் எப்போதோ தயாராக வைத்திருந்தாள், பிறகு யாரும் கேட்காததால் அதைத் தேடி எடுக்க நேரம் பிடித்தது.

"எனக்கு வீட்டில ஒரு ஆள் வேணும். விருந்தாளி வேணாம். விருந்தாளிக்குச் சமைச்சு, விருந்தாளியோட சிரிச்சு, விருந்தாளி போன பிறகு வீட்டை ஒதுக்கி, எனக்குப் போதும். நாற்றுக்குத் தண்ணி விடுற நேரத்தில எழும்புற ஒரு ஆள். சும்மா இருக்கிற நாள்ல சும்மா இருக்கத் தெரிஞ்ச ஒரு ஆள்." மூச்சு வாங்கிக்கொண்டாள். "அது நீங்களான்னு எனக்குத் தெரியாது."

அவன் கிளாஸை ஒரு பக்கமாக நகர்த்தி வைத்தான்.

"எனக்கும் தெரியாது."

அவன் சத்தியம் செய்திருந்தால் அவள் எழுந்து போயிருப்பாள். இந்தப் பதில் அவளுக்குப் பிடித்திருந்தது. பிடித்திருந்தது என்பதற்காக அதை நம்பிவிடவும் அவள் தயாராக இல்லை. பலூடாவை மிச்சம் வைக்காமல் குடித்தாள்.

பட்டியலுக்கு, இலக்கம் 3: பலூடா. குறிப்பு ஒன்றுமில்லை. நன்றாக இருக்கும்.

9

இனி முடிவு. என்னிடம் மூன்று இருந்தன. மூன்றையும் எழுதிப் பார்த்தேன்.

முதலாவதில் இருவரும் படியேறாமலே திரும்பி, ஒரே பஸ்ஸில் கலேவெலக்குப் போகிறார்கள். ஸஹ்னா கதவைத் திறக்கிறாள். "வாப்பாவும் உம்மாவும் சேர்ந்து வருவதைக் கண்ட அவளுடைய கண்களில்—" அந்த வரியை முடிக்கவில்லை. விஜிதா கொப்பியை என் கையிலிருந்து வாங்கி ஒரு கேள்வி கேட்டாள்: ஒரு நாளை நல்ல நாளாக்குவதில் மஹ்ரூப் எப்போதுமே கெட்டிக்காரன்தானே? நல்ல சாப்பாடு, நல்ல குடி, சுற்றிப் பார்க்க ஓர் இடம். ஏழு லீவிலும் அதைத்தானே செய்தான்? இன்றைக்கும் அது ஒரு லீவு நாள் இல்லையென்று யார் சொன்னது?

அந்த முடிவு விழுந்தது.

இரண்டாவதில் இருவரும் காதியார் முன்னால் சொல்லிவிட்டு, படியிறங்கி, மரியாதையாகத் தலையசைத்து, வேறு வேறு பஸ் ஏறுகிறார்கள். நிமிர்ந்த முடிவு. எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் இந்தத் தடவை கேள்வி என்னுடையது: இன்றைய நாளை நடத்தியது மஹ்ரூபா? கடை அவளுடையது, தோட்டம் அவளுடையது, சாப்பாடு அவளுடைய ஆட்கள் போட்டது. அவன் மண் நிரப்பினான், திருப்பிக் கொடுத்ததைத் திருப்பி நிரப்பினான், பிறத்தியார் வீட்டில் தன் பிழையைச் சொன்னான். லீவில் வந்தவன் செய்கிற வேலையா இது? விஜிதா யோசித்தாள். "முப்பது வீதம்" என்றாள். கணக்கு டீச்சர் என்று சொன்னேனே. எது முப்பது வீதம் என்று சொல்லவில்லை.

மூன்றாவது முடிவில் காதியார் தவணை போடுகிறார். அது முடிவு அல்ல, எழுதுகிறவனின் சோம்பல். ஒத்துக்கொள்கிறேன்.

இப்படி நாங்கள் இருவரும் இரண்டு நாள் தர்க்கம் பண்ணியதில் ஒன்று மட்டும் விளங்கியது. ஆளுக்கு ஆள் பஸ்லாவுக்கு எது நல்லது என்று பேசிக்கொண்டிருந்தோம். அவளுக்கு அதுதானே அலுத்துப்போனது. அவளைக் கேட்காமல் அவளுக்கு நல்லது செய்ய இன்னொரு ஆள் வேண்டாம், அது அவளை எழுதுகிறவனாக இருந்தாலும்.

தவிர, நான் முஸ்லிம் அல்ல. காதி நீதிமன்றத்துக்குள் ஒரு நாளும் போனதில்லை. அந்த அறையில் எத்தனை கதிரை என்றுகூட எனக்குத் தெரியாது. என்னால் படிக்கட்டு வரைதான் வர முடியும். நீங்கள் மேலே போகலாம். காலையிலிருந்து அவளோடு இருந்தவர்கள் நீங்கள். அவளை உங்களுக்குத் தெரியும்.

10

இரண்டு இருபத்தைந்துக்கு லிகிதர் பால்கனியிலிருந்து எட்டிப் பார்த்து, காதியார் வந்துவிட்டார், முதலாவது இவர்களுடையதுதான் என்று சொன்னார்.

மஹ்ரூப் வழி விட்டு நின்றான். பஸ்லா படியேறினாள். பத்தாவது படியில் நின்று, முந்தானையைச் சரிசெய்து தலையை மூடினாள், கைப்பையைத் தோளில் ஏற்றிப் போட்டாள். திரும்பிப் பார்க்கவில்லை. அவன் பின்னால் ஏறிக்கொண்டிருப்பது அவளுக்குச் சத்தத்திலேயே தெரிந்தது. அவன் அவசரப்படவில்லை.

மேலே கதவு திறந்திருந்தது. யாரோ ஸலாம் சொன்னார்கள், இருவரும் பதில் சொன்னார்கள். கதிரைகள் இழுபட்டன. ஒரு தாள் புரண்டது. ஜனாஸாவால் தாமதமாகிவிட்டது, மன்னிக்க வேண்டும் என்று வயதான ஒரு குரல் சொன்னது. பிறகு அந்தக் குரல், வழக்கப்படி, கணவரின் பெயரைச் சொல்லி அவருடைய முடிவைக் கேட்டது.

மஹ்ரூபின் குரலுக்காகக் கீழே நின்று காத்திருந்தேன். அது வரவில்லை. ஒரு கதிரை பின்னால் நகர்ந்தது, யாரோ எழுந்து நின்றார்கள்.

"நான் முதல்ல பேசுறேன்" என்றாள் பஸ்லா.

லிகிதர் வந்து கதவைச் சாத்தினார்.